சவுக்குமேட்டில் மெழுகிய தரை

“மாட்டுப்பட்டியப் போயா நோண்டப் போறீங்க?” என்று கேட்டுச் சிரித்தார் தோட்டத்து மனேஜர் பெரியதுரை.

தனியாகக் கூப்பிட்டுச் சிரித்திருக்கலாம். விடிகாலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற அந்தக் களத்தில், கூடை மாட்டிய அறுபது பெண்களுக்கு முன்னால் சிரித்தார். பெரட்டில் ஆறு மணிக்கு ஒருத்தி அவமானப்பட்டால் ஏழு மணிக்குள் அது மேல்மலைக்கும் கீழ்மலைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அதிலும் அவமானப்பட்டவள் றோசலின் என்றால் கேட்கவா வேண்டும்! அவளுடைய வாயில் விழுந்து எழும்பியவர்கள் அந்தத் தோட்டத்தில் கொஞ்சநஞ்சமில்லை. அத்தனை பேரும் அன்றைக்கு வேடிக்கை பார்த்தார்கள்.

“அது மாட்டுப்பட்டி இல்லீங்க தொரை. லயம். எங்க ஆளுங்க குடியிருந்த லயம்.”

“ஆபிஸ்ல மேப்பு இருக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொண்ணாம் வருச மேப்பு. மாட்டுக் கொட்டகைன்னு தெளிவாப் போட்டிருக்கு. வெள்ளைக்காரன் போட்டது பொய்யா?”

 றோசலினுக்குப் பதில் வராமல் போனது அன்றைக்குத்தான் முதல் தடவை என்று பிறகு அவள் கூடக் கொழுந்தெடுக்கிற நிஷாந்தி சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

விஷயம் இதுதான். நம் ஆட்கள் மூங்கிக்காட்டுத் தோட்டம் என்று சொல்லும் அந்தத் தேயிலைத் தோட்டம் டிக்கோயாவுக்கு மேலே, பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணிநேரம் ஏறினால் வரும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நவம்பர் மழையில் அங்கே கீழ்லயத்தின் மேல் மலை சரிந்து உட்கார்ந்தது. ஆட்கள் தப்பியது மாதா புண்ணியம். பதினான்கு குடும்பங்களையும் கொண்டுபோய்ப் பழைய ஸ்டோர் என்கிற தேயிலை ஃபேக்டரியின் மாடியில், முன்பு கொழுந்து வாட்டிய இடத்தில் போட்டார்கள். “ரெண்டே மாசம்” என்றார்கள். சேலையும் பொலித்தீனும் கட்டித் தடுத்த அறைகளில் இரண்டு வருடம் ஓடிவிட்டது. முதல் வீட்டுக் குழந்தை தும்மினால் ஆறாவது வீட்டிலிருந்து “நூறு ஆயுசு” என்பார்கள். அவ்வளவு நெருக்கம்.

மண்சரிவை ஆராய்கிறவர்கள் வந்து தோட்டம் முழுக்க அளந்தார்கள். வீடு கட்ட ஆபத்தில்லாத சமதரை ஒன்றே ஒன்றுதான், அது சவுக்குமேடு என்று எழுதிக் கொடுத்தார்கள். கொடுத்து என்ன! வெளிநாட்டுக்காரர்களுக்கு விடுதி கட்டப்போவதாகக் கம்பெனி அங்கே சிவப்புப் பெயின்ட் அடித்த கல்லை ஏற்கெனவே நட்டு வைத்திருந்தது. காணி ஆபிஸிலிருந்து வந்த மிஸ் சட்டத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: ஆட்கள் குடியிருந்த பழைய லயத்து நிலமென்றால் வீட்டுத்திட்டத்துக்கு எடுத்துவிடலாம். மாட்டுக் கொட்டகை இருந்த நிலமென்றால் கம்பெனி மனது வைத்தால்தான் உண்டு. மனது வைக்கவில்லையா, பதினான்கு குடும்பங்களையும் பிரித்து அனுப்ப வேண்டியதுதான். அக்கரப்பத்தனைப் பக்கம் ஐந்து, தலவாக்கலைப் பக்கம் ஐந்து, மிச்சம் நாலு எங்கே இடமிருக்கிறதோ அங்கே.

“பிரியிற பேச்சே வேணாம்,” என்று எல்லோரையும் பிடித்து நிறுத்தியவள் றோசலின்தான். மூன்று குடும்பங்கள் மூட்டையே கட்டிவிட்டன. அவள் போய் நின்று அவிழ்க்க வைத்தாள். “அது லயம் இருந்த எடந்தான். எம் மாமனாருக்கு மாமனாரு அங்க பொறந்தவரு. நான் காட்டுறேன். நான் பொறுப்பு.” வாயால் சொல்லிவிட்டாள். எப்படிக் காட்டுவது என்று அவளுக்கே தெரியாது.

கம்பெனி மாட்டுக் கொட்டகை என்று சாதித்த ஆத்திரத்தோடுதான் டிக்கோயாவில் நஸார் முதலாளியின் இரும்புக்கடைக்கு ஒரு மண்வெட்டிப் பிடி வாங்கப் போனாள். பிடியைக் கையில் வைத்துக்கொண்டு பெரியதுரையை அரைமணி நேரம் திட்டினாள். நஸார் முதலாளி பாவம், துரையின் இடத்தில் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். உள்ளேயிருந்து அவருடைய மகள் பஸ்மிலா எழுந்து வந்தாள். தொல்லியல் படித்துவிட்டு அந்தத் திணைக்களத்திலேயே வேலை பார்க்கிற பெண்.

“அக்கா, அந்த லயம் எந்தக் காலத்துலயாம்?”

“விக்டோரியா ராணி காலத்துல கட்டினதுன்னு சொல்லுவாங்க. பொறவு ஒடச்சி அந்தக் கல்லுலதான் ஸ்டோருக்கு அத்திவாரம் போட்டாங்களாம். எனக்கென்னா தெரியும், நான் பாத்தனா?”

“ஒடச்சாலும் தரை இருக்கும்,” என்றாள் பஸ்மிலா. “தரையை யாரும் தூக்கிட்டுப் போக ஏலாது.”

அவள்தான் ஆபிஸ் ஆபிஸாக ஏறி இறங்கித் தோண்ட அனுமதி வாங்கினாள். காணி மிஸ் மூன்று கிழமை தவணை கொடுத்தார். கடைசித் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நானே வந்து பார்ப்பேன், அப்போது காட்ட முடியாவிட்டால் ஃபைலை மூடிவிடுவேன் என்றார். மூன்று கிழமை என்றால் மூன்று ஞாயிறு. மற்ற நாள் கொழுந்து. துரை பெரட்டில் வைத்துச் சிரித்தது இந்தத் தவணை கிடைத்த மறுநாள்தான்.

முதல் ஞாயிறு பூசை முடிந்து நாற்பது பேர் சவுக்குமேட்டில் ஏறினார்கள். பஸ்மிலா ஒவ்வொருவர் கையிலும் ஒரு மேசன் கரண்டியைக் கொடுத்தாள். வாப்பாவின் கடையிலிருந்து அள்ளி வந்தது. மண்ணை வெட்டக் கூடாது, சுரண்ட வேண்டும், விரல் தடிப்பு விரல் தடிப்பாகத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். வடிகால் கான் வெட்டுவதில் அந்த மலையிலேயே பேர்போன பொன்னையாவுக்கு இது பெரிய கஷ்டமாகப் போய்விட்டது. இருபது வருடம் மண்வெட்டி பிடித்த மனுஷன், குந்தியிருந்து கரண்டியால் மண் வழித்தார்.

“என்னா மாமா, தோசை சுடுறீங்களா?” என்றாள் நிஷாந்தி.

“சுட்டா ஒனக்குத்தான் மொத தோசை,” என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

பெண்கள் அப்படியில்லை. இரண்டிலையும் ஒரு மொட்டும் பார்த்துப் பறித்த விரல்கள். பட்டாணி அளவு ஓட்டுத் துண்டும் அவர்கள் கண்ணுக்குத் தப்பவில்லை. “இவ்வளவு சுத்தமான கையைப் படிச்ச இடத்துலயும் நான் காணல,” என்று பஸ்மிலா வாய்விட்டுச் சொன்னாள். ஆனால் ஒரு விஷயத்தில் அவள் பொல்லாதவள். சுரண்டி முடித்த தரையில் யாராவது கால் வைத்தால் போதும், மேட்டின் அந்தக் கோடியிலிருந்து கத்துவாள்: “மிதிக்காதீங்க! பலகையில நடங்க! தரையை மிதிக்காதீங்க!” மூன்று கிழமையில் அந்த மேட்டில் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான். றோசலினே இரண்டு தரம் ஏச்சு வாங்கினாள். வாங்கிக்கொண்டு பேசாமலும் இருந்தாள். இது ஊருக்கே அதிசயம்.

பொருட்கள் வரத்தான் செய்தன. உடைந்த பீங்கான், துருப்பிடித்த ஆணி, பச்சைப் போத்தல் கழுத்து ஒன்று. இரண்டாம் ஞாயிறு றோசலினின் கரண்டிக்கு ஒரு செப்புச் சல்லி தட்டுப்பட்டது. துடைத்துப் பார்த்தால் ராணியின் தலை. மேடே கூத்தாடியது. துரை அதைப் பார்க்க ஜீப்பில் வந்தார்.

“மாடு மேய்ச்சவன் பொக்கட்டுலருந்து விழுந்திருக்கும்,” என்றார். “பீங்கானும் போத்தலும் பங்களாக் குப்பை. சுவர் எங்க? காட்டுங்க பாப்போம்.”

சுவர்தான் இல்லை. மேற்குக் கோடியில் ஒரு மூலைக்கல் மட்டும் அகப்பட்டது. மிச்சக் கல்லையெல்லாம் அத்திவாரத்தோடு பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். கொட்டகைக்கும் மூலைக்கல் உண்டு. உள்ளே அறை அறையாகத் தடுத்திருந்தால்தான் லயம். அந்தத் தடுப்பு எங்கேயும் கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லா இடமும் ஒரே சிவந்த மண்.

மூன்றாம் ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் நூறடி நீளம், இருபதடி அகலத்துக்குத் தரையைச் சுரண்டி முடித்தார்கள். பஸ்மிலா இடுப்பில் கை வைத்து வெகுநேரம் பார்த்தாள். முகத்தில் களையில்லை.

“காலையில வெயில் சாய்வா விழும்போது படம் எடுத்தா ஏதாவது தெரியலாம்,” என்றாள். “தெரியாட்டி எங்கிட்ட வேற ஒண்ணும் இல்லக்கா. யாரும் மிதிக்காம மட்டும் பாத்துக்கங்க.” சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடினாள்.

திங்கட்கிழமை விடிந்தது. பெண்களெல்லாம் அரைநாள் கூலி போதுமென்று அரைப்பேருக்குச் சொல்லிவிட்டுப் பெரட்டுக்குப் போகாமல் நேரே சவுக்குமேட்டுக்கு வந்துவிட்டார்கள். றோசலின் தரையைப் பார்த்தாள். ராத்திரிக் காற்றில் சவுக்குச் சருகு விழுந்து, மேலெல்லாம் புழுதியாக, பொருக்குப் பொருக்காகக் கிடந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை.

சொல்லுங்கள், யாருக்குத்தான் பொறுக்கும்? வீடு மந்திரிக்கச் சாமியார் வந்தாலே முதல்நாள் தரை மெழுகாமல் விடுவதில்லை. இன்றைக்கு வருவது பதினான்கு குடும்பத்தின் தலையெழுத்தைக் கையில் வைத்திருக்கிற மனுஷி. அவர் வந்து இந்தப் புழுதியையா பார்ப்பது? இதுதான் எங்கள் வீடு இருந்த இடம் என்று புழுதியைக் காட்டியா சொல்வது?

“பொன்னையாண்ணே, ஒங்க மாடு ரெண்டும் என்னா செஞ்சிருக்கு?”

“அதுங்களுக்கு வேற என்னா வேல? நெறையத்தான் செஞ்சிருக்கு.”

“நிஷாந்தி, வாளியத் தூக்குடி.”

யாருக்கும் அது தப்பு என்று தோன்றவே இல்லை. மிதிக்கக் கூடாது என்றுதானே பஸ்மிலா சொன்னாள்? மெழுகக் கூடாது என்று சொல்லவில்லையே. பலகையைப் போட்டு, அதன்மேல் குந்தி, மெழுகிக்கொண்டே பின்னுக்கு நகர்ந்தார்கள். நாற்பது பேரின் கை. சாணியும் தண்ணீரும் பதமாகக் கரைத்து, அரைவட்டம் அரைவட்டமாக இழுத்து, ஏழரை மணிக்குள் நூறடித் தரையையும் முடித்துவிட்டார்கள். றோசலின் எழுந்து நின்று பார்த்தாள். திருநாள் வீடு மாதிரி இருந்தது.

எட்டரைக்குப் பஸ்மிலா ஏறி வந்தாள். கமெரா கழுத்தில் தொங்கியது. தரையைப் பார்த்தாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

“யா அல்லாஹ். அக்கா, என்ன செஞ்சிட்டீங்க?”

“மெழுகினோம் புள்ள. பெரிய மனுஷி வாறாங்கல்ல...”

“அக்கா, அந்த மண்ணோட நிறம்தான் நமக்குச் சாட்சி. அதுலதான் நான் சுவரைத் தேட இருந்தேன். அதுக்கு மேல...”  முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

றோசலின் தன் கையைப் பார்த்தாள். மணிக்கட்டு வரைக்கும் சாணி. மூட்டை அவிழ்த்த மூன்று குடும்பங்களின் ஞாபகம் வந்தது. நான் பொறுப்பு என்று சொன்ன வாய் இதுதான்; மூன்று கிழமை வேலையைப் பாழாக்கிய கையும் இதுதான். யாராவது இரண்டு அறை அறைந்தால் தேவலை போலிருந்தது. யாரும் அறையவில்லை, ஏசக்கூட இல்லை. நாற்பது பேரும் தங்கள் தங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“கழுவி விட்டுறலாமா?” என்றாள் றோசலின் மெதுவாக.

“வேணாம். தொடாதீங்க. இனி ஒண்ணும் செய்யாதீங்க.”

ஒன்பதரைக்கெல்லாம் மூடுபனி விலகி வெயில் ஏறியது. பத்துக்குக் காணி மிஸ்ஸும் துரையும் ஒரே ஜீப்பில் வந்து இறங்கினார்கள். துரைக்கு மூக்கில் முதலில் பட்டது வாசம். பிறகு கண்ணில் பட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“மாட்டுப்பட்டிக்கு மாட்டுச் சாணியே பூசிட்டீங்களா? நல்ல வேலை! நான் சொல்ல வேண்டியத நீங்களே சொல்லிட்டீங்க.”

காணி மிஸ் சிரிக்கவில்லை. அவருக்குச் சங்கடமாக இருந்தது. “காட்ட ஏதாவது இருக்கா?” என்று பஸ்மிலாவிடம் சிங்களத்தில் கேட்டார். பஸ்மிலா சல்லியும் பீங்கானும் வைத்த பெட்டியைத் திறந்து, மூலைக்கல்லிலிருந்து ஒவ்வொன்றாக விளக்க ஆரம்பித்தாள். குரல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பெட்டியைப் பார்த்து முடித்ததும் மிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

றோசலினுக்கு அந்தப் பெட்டியைப் பார்க்கத் திராணியில்லை. தலையைக் குனிந்து தரையைத்தான் பார்த்தாள். மெழுகல் காய ஆரம்பித்திருந்தது. முதலில் நடுவில் வெளுத்தது. வெளுப்பு பரவியது. ஓர் இடத்தில் வந்து நின்றது. அதற்கப்பால் ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்பு. அதற்கப்பால் மறுபடி வெளுப்பு.

அவள் புருவத்தைச் சுருக்கினாள். கீழ்லயத்தில் அவளுடைய காம்பராவில், அந்த ஒற்றை அறையில், ஒருமுறை சூசைரட்ணம் தரையில் பள்ளம் விழுந்த இடத்தை மண் போட்டு ஒட்டியிருந்தான். புருஷன் செய்த ஒட்டு எப்படி இருக்கும்? அதற்குப் பிறகு எத்தனை தரம் மெழுகினாலும் மற்ற இடம் காய்ந்து அந்த இடம் மட்டும் ஈரமாகவே கிடக்கும். பழைய தரை இறுகிப்போனது, தண்ணீர் குடிக்காது. புதிதாய்ப் போட்ட மண் குடிக்கும், மெதுவாகத்தான் விடும். மண் தரையில் குடியிருந்த எந்தப் பொம்பிளைக்கும் இது தெரியும்.

அப்படியானால் இங்கே ஒட்டுப் போட்டது யார்?

கண் அடுத்த கறுப்புக்குப் போனது. பத்தடி தள்ளி, அதே ஒரு சாண் அகலம், அதே நேர்கோடு. அதற்கடுத்த பத்தடியில் இன்னொன்று. அதற்கடுத்து இன்னொன்று.

“அடியாத்தி!” என்று அவள் போட்ட சத்தத்தில் துரையின் சிரிப்பு நின்றுவிட்டது. “பஸ்மிலா! புள்ள, அந்தப் பொட்டியப் போட்டுட்டு இங்க வா! செவுரு! செவுரு வருது!”

பஸ்மிலா வந்தாள். பார்த்தாள். பலகையிலேயே மண்டி போட்டுக் குனிந்தாள்.

“கல்லப் புடுங்கின குழிய மண்ணப் போட்டு மூடியிருக்கானுங்க,” என்றாள் றோசலின். மூச்சு வாங்கியது. “அது ஒட்டு. ஒட்டுதான் கடசியாக் காயும். கயிறு கொண்டாங்கடி! காயிறதுக்குள்ள கயிறு கட்டணும்!”

அதன் பிறகு அந்த மேட்டில் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். பொன்னையா முளை அடித்தார். பெண்கள் கறுப்புக் கோட்டின் மேல் கயிறு இழுத்துக் கட்டினார்கள். வெயில் ஏற ஏறக் கோடுகள் இன்னும் பளிச்சென்று வந்தன. ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு. முன்பக்கம் நீளமாக ஒரு முழ அகலத்தில் வெளிச்சுவர். அந்தச் சுவர்க்கோட்டில் ஒவ்வோர் அறைக்கும் மூன்றடி இடைவெளி, கால்பட்டுக் கால்பட்டு இறுகி, வெளேரென்று காய்ந்திருந்தது. வாசல்! ஒவ்வோர் அறையிலும் இடப்பக்க மூலையில் ஒரு முறத்தளவு வட்டம், மற்ற எல்லாவற்றுக்கும் முந்திக் காய்ந்து, செங்கல் நிறத்தில் சிவந்து கிடந்தது. பஸ்மிலா ஒரு வட்டத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தாள். சுட்டு இறுகிய மண். அதன் கீழே சாம்பல், கரித்துண்டு, மூன்று கல். சாம்பலுக்குள் ஒரு கறுப்புக் கண்ணாடி வளையல் துண்டு.

அடுப்பு. பத்துக் காம்பரா, பத்து அடுப்பு.

காணி மிஸ் செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையில் ஏறி வந்து குனிந்து பார்த்தார். “ஷா!” என்றார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

றோசலின் துரையின் பக்கம் திரும்பினாள். மூன்று கிழமையாக வராத பதில் இப்போது தானாக வந்தது.

“தொரை, நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. எந்த மாடுங்க வளையல் போட்டுக்கிட்டு, அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டுச்சு?”

மேடே வெடித்துச் சிரித்தது. நிஷாந்தி சிரித்துச் சிரித்துப் பொன்னையாவின் தோளில் விழுந்தாள். காணி மிஸ் தமிழ் தெரியாதது போலவே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார், ஆனால் உதடு துடித்தது.

துரை லேசில் விடுகிற ஆளில்லை. “அப்ப மேப்பு?” என்றார்.

“மேப்பு பொய் சொல்லல சேர்,” என்றாள் பஸ்மிலா. அவளுக்குக் குரல் திரும்பிவிட்டது. “பதினோராம் வருசம் இங்க மாடு இருந்திருக்கும். லயத்தை உடைச்ச பிறகு. இவ்வளவு சாம்பல் சேர முப்பது, நாப்பது வருசம் போயிருக்கும். அதுக்கு முந்தி இங்க ஆட்கள் இருந்திருக்காங்க. ராணி சல்லி விழுந்தது அவங்க கையிலருந்துதான்.”

“ஹரி, சரிதான்,” என்றார் காணி மிஸ். ஃபைலைத் திறந்து எழுதினார். எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். “ஆனா ஒரு விஷயம். காட்டுற அளவுக்குத்தான் எனக்கு எழுத முடியும். பத்து அறை, நூறடி. பதினாலு வீட்டுக்கு இது போதாதே?”

பஸ்மிலா அதைத் தமிழில் சொன்னதும் சிரிப்பெல்லாம் அடங்கியது. துரை மறுபடி நிமிர்ந்தார். நாலு குடும்பம். எந்த நாலு? றோசலின் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. பார்த்தால் அந்த நாலில் ஒன்று அதுவாகிவிடும் போல ஒரு பயம்.

பஸ்மிலா கிழக்குக் கோடிக்கு நடந்துபோனாள். கடைசிக் கோட்டுக்கு முன்னால் குந்தினாள். கையை விரித்து அளந்தாள். எழுந்து மேற்குக் கோடிக்கு ஓடி அங்கேயும் அளந்தாள். திரும்பி வரும்போது அவள் நடையே வேறு.

“அக்கா, மேக்குக் கோடியில சுவர் ஒரு முழம். அது வெளிச்சுவர், கூரையைத் தாங்குறது. கிழக்குக் கோடியில ஒரு சாண்தான். அது நடுத் தடுப்பு.”

“அப்புடின்னா?”

“லயம் இங்க முடியல. நாமதான் தோண்டுறதை நிறுத்திட்டோம்.”

மணி பதினொன்றரை. இரண்டு மணிக்கு மேல் மழை இறங்கிவிடும். சிவனொளிபாதமலைப் பக்கம் அப்போதே கறுத்துக்கொண்டிருந்தது. காணி மிஸ் வானத்தைப் பார்த்தார், தன் கடிகாரத்தைப் பார்த்தார். “சாப்பிட்டுட்டு இருக்கேன்,” என்றார். நிஷாந்தி தன் ரொட்டியையும் சம்பலையும் அவருக்குப் பிரித்துக் கொடுத்தாள்.

முன்சுவரை ஒட்டி நாலடி அகலத்துக்கு ஒரு பட்டை எடுத்தால் போதும் என்றாள் பஸ்மிலா. பொன்னையா கரண்டியைத் தூக்கி எறிந்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார். மூன்று கிழமையாக அடக்கிவைத்த வேகம் அது! புல்லைத் தரைவிரிப்பு சுருட்டுவது போலச் சுருட்டிக்கொண்டே போனார். பெண்கள் பின்னாலேயே சுரண்டிக்கொண்டு வந்தார்கள். ஐம்பத்தைந்தடி. சுரண்டி முடிந்ததும் றோசலின் வாளிக்குக் குனிந்தாள். கை தயங்கியது. பஸ்மிலாவைப் பார்த்தாள்.

பஸ்மிலா சட்டைக்கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டு முன்னால் வந்து குந்தினாள்.

“எவ்வளவு தண்ணிக்கு எவ்வளவு சாணிக்கா?”

“அட, தள்ளு புள்ள, ஒனக்கு வராது.”

“வரும். சொல்லிக் குடுங்க.”

அவள் மெழுகியது கோணலும் மாணலுமாக இருந்தது. இருந்தால் என்ன, தண்ணீர் மண்ணுக்குள் போனது. பிறகு காத்திருந்தார்கள். வெயில் அடித்தது, மறைந்தது, மறுபடி அடித்தது. நாற்பது பேர் ஒரு தரையை இப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். பதினோராவது காம்பரா வந்தது. பன்னிரண்டு. பதின்மூன்று. “பதினாலு!” என்று நிஷாந்தி கத்தியபோது யாரோ அழுதுவிட்டார்கள். அதோடும் நிற்கவில்லை. பதினைந்தாவது காம்பராவுக்கு அப்பால், சவுக்கு மரத்தின் அடியில், ஒரு முழ அகலத்தில் தடித்த கறுப்புக் கோடு ஒன்று வந்து நின்றது. லயத்தின் மறுகோடி. விடுதிக்காக நட்ட சிவப்புக் கல் அந்தக் கடைசிக் காம்பராவுக்குள், வாசலுக்கு நேரே நின்றுகொண்டிருந்தது.

“அந்தக் காம்பரா தொரைக்கு,” என்றாள் றோசலின். “அவரு மொதல்லயே கல்லு போட்டுட்டாருல்ல.”

துரையே சிரித்துவிட்டார். சிரிக்காமல் வேறென்ன செய்வார்? ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

காணி மிஸ் பொன்னையாவின் கையில் நாடாவின் ஒரு முனையைக் கொடுத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தானே அளந்தார். நூற்று ஐம்பத்திரண்டடி. ஃபைலில் மாட்டுக் கொட்டகை என்று இருந்த இடத்தைக் கோடு கிழித்து வெட்டிவிட்டுக் குடியிருப்பு என்று எழுதினார். சாட்சிக் கையெழுத்துக்கு றோசலினைக் கூப்பிட்டார். அவள் கையைப் பாவாடையில் துடைத்தும் போகாத சாணி தாளின் ஓரத்தில் பெருவிரல் அகலத்துக்கு ஒட்டிக்கொண்டது. “இருக்கட்டும், அதுவும் சாட்சிதான்,” என்றார் மிஸ்.

முதல் தூறல் விழுந்தது. பஸ்மிலா ஏணியில் ஏறி நின்று முழு லயத்தையும் படம் எடுத்து முடித்தாள். கமெராவைக் கீழே இறக்கினாள். தரையைச் சுற்றிப் பலகைகளில் நின்றுகொண்டிருந்த பதினான்கு குடும்பங்களையும் பார்த்தாள்.

“இன்னொண்ணு எடுக்கப் போறேன்,” என்று கத்தினாள். “ஏறுங்க! எல்லாரும் தரையில ஏறுங்க! மிதிங்க! அவங்கவங்க வீட்டுக்குப் போங்க!”

மூன்று கிழமையாக மிதிக்காதே மிதிக்காதே என்று கேட்ட கால்களுக்கு உடனே நம்பிக்கை வரவில்லை. பிறகு ஒரே ஓட்டம். மூட்டை அவிழ்த்த மூன்று குடும்பங்களும் முதலில் ஓடி மூன்று காம்பராவைப் பிடித்துக்கொண்டன. சூசைரட்ணம் நேரே ஆறாவது காம்பராவில் போய், அடுப்படியில் நின்று, வாடி என்று கையைக் காட்டினான். றோசலின் ஈரக்கோட்டின் ஓரமாகவே நடந்து, இடைவெளி வந்த இடத்தில் திரும்பி, வலதுகாலை எடுத்து வைத்து உள்ளே போனாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை, மழைதானே பெய்கிறது என்று விட்டுவிட்டாள்.

துடைக்காத கண்ணோடு திரும்பினால், பக்கத்து வீட்டுக்கு இடம் பிடிக்க ஓடிவந்த பொன்னையா, மண்வெட்டியும் கையுமாகக் கயிற்றைத் தாண்டி நேர்குறுக்காக ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

“என்னாண்ணே நீங்க!” என்று றோசலின் போட்ட போட்டில் அவர் ஒற்றைக் காலில் நின்றுவிட்டார். “செவுத்துலயா போயி முட்டுவீங்க? வாசல் அங்கிட்டு இருக்குல்ல, சுத்தி வாங்க!”